‘திறனற்ற’ கைகள்: கோத்தா திங்கியில் வெல்டிங் கற்றவர்களின் வரலாறு

1922-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு குடிபெயர்வுச் சட்டம் போட்டது. கடல் கடந்து வேலைக்குப் போகிற இந்தியர்களை அந்தச் சட்டம் இரண்டு வகையாகப் பிரித்தது: திறன் வேலைக்குப் போகிறவர், திறனற்ற வேலைக்குப் போகிறவர். கைவினைஞர், குமாஸ்தா, கடைச் சிப்பந்தி முதல் வகை. உணவகத்திலும் தேநீர்க் கடையிலும் வேலை செய்கிறவரும், வீட்டு வேலைக்குப் போகிறவரும்கூட முதல் வகைதான். விவசாய வேலைக்குப் போகிறவர் இரண்டாம் வகை. மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம் ஆட்கள் எல்லாரும் அந்த இரண்டாம் வகையில் அடங்கினார்கள். 1938-இல் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியபோதும் அதே சொல்தான் வந்தது. ‘திறனற்ற தொழிலாளர்’ இனிப் போகக்கூடாது.

அந்தச் சட்டத்தை எழுதினவர்கள் ஒரு பால்மரத்தையாவது சீவிப் பார்த்திருப்பார்களா, தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மட்டுமே கீழிறக்கிச் சீவ வேண்டும். கத்தியின் ஆழம், உள்ளே இருக்கும் வளர்திசுவுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். அதைத் தொட்டால் மரத்துக்குக் காயம். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் ஒழுங்காகச் சீவ முடியாது. மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. விடியும் முன்னே, நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் இதைச் செய்தவர்களுக்குத்தான் ‘திறனற்றவர்’ என்று பெயர்.

நம் வரலாற்று எழுத்தும் புனைவும் இந்தப் பால்மரத்தை விட்டு இன்னும் முழுதாக நகரவில்லை என்பது என் எண்ணம். லயம், கங்காணி, கித்தா, கள்ளுக்கடை எல்லாம் வந்துவிட்டன, வரவேண்டியதும்தான். ஆனால் தோட்டத்தைவிட்டு வெளியே வந்த பிள்ளைகள் என்ன கற்றார்கள், யாரிடம் கற்றார்கள்? இதைப் பற்றிய பக்கங்கள் குறைவு. வெல்டிங் என்ற ஒரே தொழிலை எடுத்துக்கொண்டு, கோத்தா திங்கி என்ற ஒரே ஊரில் நின்று, அந்த இடைவெளியைப் பார்க்கலாம் என்று தோன்றியது. நான் அந்த ஊர்க்காரன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவன். நாலு வருஷப் படிப்பில் நான் வெல்டிங் ஹோல்டரைக் கையில் பிடித்தது மொத்தமே இரண்டு வாரம். இன்று எனக்குச் சம்பளம் வருவது, மற்றவர்கள் போட்ட வெல்டிங் சரியா இல்லையா என்று ஆவணம் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்கு.

நெருப்பு கற்ற கதை

இரண்டு இரும்பைச் சூடாக்கித் தட்டிச் சேர்ப்பது கொல்லுலை அளவுக்குப் பழையது. மின்சாரத்தை வைத்து உருக்கிச் சேர்ப்பது ரொம்பப் புதுசு. 1881-இல் நிக்கோலாய் பெனார்டோஸ் என்ற ரஷ்யர் கரிக்குச்சியால் மின்வில் உண்டாக்கி உலோகத்தை ஒட்ட வைத்தார். சில வருஷங்களில் ஸ்லாவ்யானோவ் என்ற இன்னொரு ரஷ்யர் கரிக்குச்சிக்குப் பதில் உலோகக் கம்பியையே பயன்படுத்தினார். கம்பியே உருகி இடைவெளியை நிரப்பியது. ஆனால் காற்று பட்டதும் ஒட்டு நொறுங்கும். சுவீடனின் ஆஸ்கார் செல்பெரி 1904-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கம்பிக்கு மேலே ஒரு பூச்சுப் பூசினார். அந்தப் பூச்சு எரிந்து வாயுவாகி, உருகிய உலோகத்தைக் காற்றிடமிருந்து காக்கும். மீதி கசடாக மேலே படியும். இன்றைக்குப் பட்டறையில் ‘ராட்’ என்று சொல்கிறோமே, அது இதுதான். ராட்டின் நுனியில் எரிகிற மின்வில்லின் சூடு ஆறாயிரம் டிகிரி செல்சியஸை ஒட்டியது.

1920-இல் இங்கிலாந்தில் ‘ஃபுல்லாகர்’ என்ற கப்பல் ரிவெட் ஆணியே இல்லாமல் முழுக்க வெல்டிங்கில் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 2,700-க்கும் மேற்பட்ட ‘லிபர்ட்டி’ சரக்குக் கப்பல்களைக் கட்டித் தள்ளியது. ரிவெட் அடிக்கக் கற்க வருஷக்கணக்கில் ஆகும். தட்டையாகக் கிடக்கும் தகட்டில் வெல்டிங் போட ஒருவரைச் சில வாரங்களில் பழக்கிவிடலாம். கடைக்காரர்கள், விவசாயிகள், பெண்கள் என்று இரும்பைத் தொடாதவர்கள் எல்லாம் கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

1943 ஜனவரியில் ‘ஸ்கெனெக்டடி’ என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல், போர்ட்லாந்து துறையில் சும்மா நின்றுகொண்டிருந்தபோதே இரண்டாகப் பிளந்தது. உடனே பழி யார் மேல் விழுந்தது? வெல்டர் மேல்தான். அவசரமாகப் பழக்கின கைகள், அதனால் வந்த கேடு என்றார்கள். மோசமான ஒட்டுகள் இருந்தது உண்மை. ஆனால் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி ஆராய்ந்து காட்டியது வேறு: அந்தக் காலத்து எஃகே குளிரில் கண்ணாடி மாதிரி நொறுங்கக்கூடியது. ரிவெட் கப்பலில் விரிசல் ஒரு தகட்டோடு நின்றுவிடும். வெல்டிங் கப்பல் முழுக்க ஒரே உலோகம், அதனால் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். இரும்பின் குற்றத்தைக் கையின் மேல் போடுவது சுலபம். என் வேலையில் இந்தக் கதையை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நீரிணைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

கோத்தா திங்கி ஜொகூரின் ஆகப் பெரிய மாவட்டம். ரயில் பாதை இல்லை. அதனால் செந்தூல் ரயில்வே பட்டறை மாதிரி ஒரு பெரிய பயிற்சிக் கூடம் நம் பக்கத்தில் உருவாகவில்லை. செந்தூலில் தமிழர்கள் தலைமுறையாக இரும்பு வேலை பழகினார்கள். நம் மாவட்டத்துக்குக் கிட்டத்தில் இருந்த பெரிய இரும்பு உலகம் நீரிணைக்கு அப்பால், செம்பவாங்கில். பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் பெரிய உலர்துறை அங்கே 1938-இல் திறக்கப்பட்டது. மலையாளிகளும் தமிழர்களும் பெருமளவில் அங்கே வேலை செய்தார்கள். போருக்குப் பிறகு கப்பல் பட்டறை உள்ளூர்ப் பையன்களை அப்ரெண்டிஸாகவும் எடுத்துக்கொண்டது.

1968-இல் பிரிட்டன் தன் படைகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பட்டறை ஒரு வெள்ளி என்ற பெயரளவு விலைக்குச் சிங்கப்பூர் கைக்கு மாறி, செம்பவாங் ஷிப்யார்ட் ஆனது. ஏறத்தாழ அதே சமயத்தில் மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. நாடு முழுவதும் ஏறத்தாழ 60,000 இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள் என்பது நாம் அறிந்த கணக்கு. ஆக, எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தோட்டத்துப் பையனுக்கு முன்னால் இருந்த நிலைமை இப்படி: அக்கரையில் வேலை உண்டு, போக அனுமதி வேண்டும், இக்கரையில் இருக்கலாம், ஆனால் வேலை தேய்கிறது.

பிறகு இக்கரையிலும் இரும்பு வந்தது. 1972-இல் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமான ‘கெஜோரா’ அமைந்தது. மாவட்டத்துக் காடுகள் செம்பனை ஆயின. 1973-இல் பாசிர் கூடாங்கில் மலேசியக் கப்பல் கட்டும் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1977-இல் ஜொகூர் துறைமுகம். பெல்டா நிலங்களில் குடியேறினவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். ஆனால் செம்பனை நம் பையன்களுக்கு வேறொரு வாசலைத் திறந்தது. கித்தாவுக்குப் புகைக்கூண்டு போதும். செம்பனைக்கு ஆலை வேண்டும். பழக்குலையை நீராவியில் வேகவைக்கக் கொதிகலன், குழாய், வால்வு, கன்வேயர் சங்கிலி. செம்பனைப் பழம் அறுத்த ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். அதனால் ஆலை நின்றால் நட்டம். உடைந்ததை உடனே ஒட்ட ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

“கண்ணால கத்துக்க”

அந்த ஆள் எங்கே பயிற்சி பெற்றார்? பெரும்பாலும் டவுனில் இருந்த சீனர் பட்டறைகளில். என் சித்தப்பா எண்பதுகளில் அப்படிக் கற்றவர். படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவர். அவர் சொல்கிற மாதிரியே சொன்னால்:

“மொத ஆறு மாசம் ஹோல்டர தொடவே விடல. கூட்டணும், துருவ தேய்க்கணும், ராட் எடுத்துக் குடுக்கணும், தவுக்கேக்குக் கோப்பி வாங்கியாரணும். கேள்வி கேட்டா ‘கண்ணால கத்துக்க’ம்பாரு. கண்ணால பாத்தா கண்ணு போயிரும்ல! ராத்திரி கண்ணுல மண்ணக் கொட்டுன மாதிரி இருக்கும். அம்மா தாய்ப்பால் கேட்டு யார் வீட்டுக்காவது போவாங்க.”

இதில் எல்லாம் இருக்கிறது. சம்பளமில்லாத அல்லது கைச்செலவுக்கு மட்டும் காசு கிடைக்கிற தொடக்க காலம். பாடத்திட்டம் கிடையாது, தவுக்கேயின் மனநிலைதான் பாடத்திட்டம். கறுப்புக் கண்ணாடி எல்லாருக்கும் கிடைக்காது. ஆனால் கற்றதும் உண்மை. சத்தத்தை வைத்தே கரண்ட் சரியா என்று சொல்லிவிடுவார் சித்தப்பா. வாணலியில் நெத்திலி பொரிகிற சத்தம் சீராக வந்தால் சரி. வெடித்து வெடித்து வந்தால் ராட் ஈரம். இதைத்தான் எனக்குப் பல்கலைக்கழகத்தில் ‘ஹைட்ரஜன் விரிசல்’ என்ற தலைப்பில் நடத்தினார்கள். 7018 ராட்டின் பூச்சு ஈரத்தை இழுத்தால், அந்த ஈரத்தின் ஹைட்ரஜன் ஒட்டுக்குள் புகுந்துகொள்ளும். ஒட்டு ஆறி ஒரு நாள் கழித்துக்கூட விரிசல் விடும். அதனால்தான் அந்த ராட்டைச் சூடான அடுப்பில் வைத்து எடுப்பது. எண்ணுக்கும் அர்த்தம் உண்டு. முதல் 70, ஒட்டு ஒரு சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவையைத் தாங்கும் என்பது. அடுத்த 1, எந்தக் கோணத்திலும் போடலாம் என்பது. கடைசி 8, ஹைட்ரஜன் குறைந்த பூச்சு என்பது. சித்தப்பாவுக்கு இந்த எண்கணக்கு தெரியாது. எனக்கு அந்தச் சத்தம் பிடிபட மாட்டேன்கிறது.

பட்டறைப் பயிற்சியை நான் பொற்காலமாகக் காட்ட விரும்பவில்லை. அங்கே காயத்துக்குக் கணக்கில்லை. 1978 அக்டோபர் 12-இல் சிங்கப்பூர் ஜூரோங் ஷிப்யார்டில் ‘ஸ்பைரோஸ்’ என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் மாண்டார்கள். எரிபொருள் தொட்டியில் கச்சா எண்ணெய் கலந்து சேர்ந்திருந்த ஆவியில், வெட்டும் சுடரின் நெருப்புப் பட்டிருக்கிறது. தொட்டியில் ஆவி இருக்கிறதா என்று பார்ப்பது, நெருப்பு வேலைக்கு எழுத்தில் அனுமதி வாங்குவது எல்லாம் இப்படிப்பட்ட சாவுகளால் இறுகிய விதிகள். ‘கண்ணால கத்துக்க’ என்ற முறை இதைச் சொல்லித் தராது, ஏனென்றால் ஆவி கண்ணுக்குத் தெரியாது. வெல்டிங் புகையும் அப்படித்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது 2017-இல்தான். சித்தப்பாவின் தலைமுறை அதற்குள் முப்பது வருஷம் அதைச் சுவாசித்து முடித்திருந்தது.

சான்றிதழின் வருகை

அரசுப் பக்கம் என்ன நடந்தது? 1964-இல் கோலாலம்பூரில் தொழிற்பயிற்சி நிலையம் வந்தது. 1966-இல் மாரா அமைந்தது. அதன் தொழிற்பயிற்சிக் கழகங்கள் பூமிபுத்ரா மாணவர்களுக்கானவையாக வளர்ந்தன. பாசிர் கூடாங்கிலும் பின்னர் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் வந்தது. வாசல் எல்லாருக்கும் திறந்தே இருந்தாலும், தோட்டத்துப் பையனுக்கு அதற்கு மனுப்போடத் தெரிய வேண்டும், பள்ளிச் சான்றிதழ் வேண்டும், தேசிய மொழி வேண்டும், பஸ் காசு வேண்டும். பட்டறைக்கு இது எதுவும் வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் போதும்.

2005-இல் ‘தேசிய இரட்டைப் பயிற்சி முறை’ தொடங்கியது. மலாயில் அதன் சுருக்கப் பெயர் எஸ்.எல்.டி.என். ஜெர்மனியில் பார்த்துக் கொண்டுவந்தது. ஜெர்மனி 1969-லேயே தொழிற்பயிற்சிக்குச் சட்டம் போட்டு, பட்டறையும் பள்ளியும் சேர்ந்து பழக்கும் பழைய வழக்கத்தை ஒழுங்குபடுத்திய நாடு. இங்கே வந்த வடிவத்தில் 70-லிருந்து 80 விழுக்காடு நேரம் வேலையிடத்தில், மீதி வகுப்பில். அதாவது சித்தப்பாவின் ஆறு மாதத்துக்கு ஒரு பாடத்திட்டமும் உதவித்தொகையும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் சேர்ந்தால் வருவது இதுதான். இருபது வருஷம் பிந்தி வந்தது, அவ்வளவே.

2006-இல் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. ‘திறன்’ என்ற சொல் நம் கதையில் திரும்பவும் சட்டமாக வருகிறது. மலேசியத் திறன் சான்றிதழுக்கு மூன்று வழிகள்: அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் பயில்வது, இரட்டைப் பயிற்சி, அல்லது முன்பே பெற்ற அனுபவத்தை அங்கீகரிக்கச் சொல்லிக் கேட்பது. மூன்றாவது வழி சித்தப்பா மாதிரி ஆட்களுக்கென்றே அமைந்தது போலிருக்கும். பரீட்சை எழுத வேண்டாம். செய்த வேலைக்கு ஆதாரம் திரட்டிக் கோப்பாகக் கொடுத்தால் மதிப்பீட்டாளர் பார்ப்பார். ஆனால் ஆதாரம் என்றால் முதலாளி கடிதம், சம்பளச் சீட்டு, வேலை செய்கிற படம். பட்டறையில் சம்பளம் கையில் எண்ணிக் கொடுத்தது. தவுக்கே காலமாகிவிட்டார். வீட்டில் இருந்த கொஞ்சநஞ்சத் தாளும் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை அடுத்தடுத்து மூழ்கடித்த வெள்ளத்தில் போயிற்று. திறனை அங்கீகரிக்கச் சட்டம் வந்த அதே மாதங்களில் அதற்கான ஆதாரம் ஆற்றோடு போனது. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை என்பது அந்த வருஷம் ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

பெங்கெராங்

2011-இல் பெட்ரோனாஸ் தன் மாபெரும் சுத்திகரிப்புத் திட்டத்தை அறிவித்தது. இடம் நம் மாவட்டத்தின் தென்கிழக்கு மூலை, பெங்கெராங். 2014-இல் இறுதி முதலீட்டு முடிவு. மொத்தம் 27 பில்லியன் அமெரிக்க டாலர். நாளைக்கு 300,000 பீப்பாய் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை. 2018-இல் சவூதி அராம்கோ பாதிப் பங்குதாரராக உள்ளே வந்தது. ஒரு சுத்திகரிப்பு ஆலையை வெளியிலிருந்து பார்த்தால் கோபுரங்கள் தெரியும். உள்ளே போனால் தெரிவது குழாய். குழாய் என்றால் வெல்டிங். வெல்டர்களுக்கு அவ்வளவு தேவை நம் ஊருக்கு இத்தனை அருகில் அதற்கு முன் வந்ததில்லை.

அங்கே நுழைய 6ஜி தேர்வு. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். குழாய் திரும்பாது, வெல்டர்தான் சுற்றிச் சுற்றிக் குனிந்தும் மல்லாந்தும் போட வேண்டும். அடியில் முதல் ஒட்டு, அதாவது ‘ரூட்’, இரண்டரை மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் ஊடுருவி உட்புறமும் சீராக வர வேண்டும். பிறகு நிரப்பு, மேல்மூடி. முடிந்ததும் கண்ணால் பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள் அல்லது துண்டு வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். நான் பார்த்த பரீட்சைகளில் ஆகச் சுத்தமானது இதுதான். எக்ஸ்ரே படத்துக்கு எஸ்.பி.எம். முடிவும் தெரியாது, இனமும் தெரியாது. ஒட்டு நிற்குமா நிற்காதா, அது மட்டும்தான் தெரியும்.

ஆனால் அந்தக் குழாய்க்கு முன்னால் போய் நிற்கவே ஒரு குத்தகையாளர் பெயர் கொடுக்க வேண்டும்; அவர் கேட்பது சான்றிதழும் பெரிய இடத்து அனுபவமும். அது இருந்தவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். திருச்சி வட்டாரத்துத் தமிழர்களையும் நான் அங்கே பார்த்தேன். அவர்கள் பின்னால் வேறொரு வரலாறு. இந்தியாவில் 1961-லேயே அப்ரெண்டிஸ் சட்டம் வந்துவிட்டது. திருவெறும்பூரில் அறுபதுகளில் பெல் கொதிகலன் தொழிற்சாலை, 1975-இல் அதனோடு சேர்ந்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையம், சுற்றிலும் ஐ.டி.ஐ.க்கள், நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். அங்கே ஒரு பையன் வெல்டர் ஆவதற்கு ஒரு ஊரே அமைப்பாக நிற்கிறது. நம் பையன் தனியாளாக ஒரு தவுக்கேயைப் பார்த்துக் கற்றவன். ‘இந்தியாக்காரன் வந்து வேலையப் புடிச்சிட்டான்’ என்று நம் கோப்பிக் கடைகளில் பேசும்போது இந்த வித்தியாசத்தை விட்டுவிடுகிறோம். அவனுக்கு நாட்டை விட்டு வரக் கடன். நம் பையனுக்கு ஊரிலேயே இருந்தும் தாள் இல்லை. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நாணயம் சமமாக மாறியது 1973-இல் முடிந்துபோயிற்று. இன்று அவர்களுடைய ஒரு வெள்ளிக்கு நம்முடையது மூன்றுக்கு மேல். ஆகவே தாள் கிடைத்த நம் பையனும் பெங்கெராங்கில் தங்கவில்லை, விடியற்காலையில் மோட்டாரில் அக்கரைக்குப் போகிறான்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் நெறிமுறைப்படி, தேர்வான வெல்டர் ஆறு மாதம் அந்த முறையில் வெல்டிங் போடாமல் இருந்தால் அவர் தகுதி காலாவதி ஆகிவிடும். என் பட்டத்துக்கு அப்படி ஒரு கெடு இல்லை. நான் கடைசிவரை பொறியாளன்தான். கையின் திறனை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கேள்வி கேட்கிறோம்.

அதே நெறிமுறையில் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு ஒட்டையும் போட்டவர் யார் என்று அடையாளம் தெரிய வேண்டும். அதனால் ஒட்டுக்குப் பக்கத்தில் வெல்டரின் எண்ணை எழுதுவோம், பதிவேட்டிலும் ஏறும். என் மேசையில் அந்தப் பதிவேடுகள் கிடக்கின்றன: ஒட்டு எண், குழாய் எண், ராட் வகை, எக்ஸ்ரே முடிவு, வெல்டர் எண். பால்மரம் சீவின கைக்கு இப்படி ஒரு பதிவு இருந்ததில்லை. எந்த மரத்தில் யார் கத்தி எவ்வளவு சுத்தமாக ஓடியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதாததால் ‘திறனற்ற’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடிந்தது. இன்று எண் இருக்கிறது, எண்ணுக்குப் பின்னால் இருக்கிறவர் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார், யாருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து இதைக் கற்றார் என்பது இல்லை. தெலுக் செங்காட் தோட்டத்திலும் ஜாலான் தாஜூல் தமிழ்ப்பள்ளியிலும் படித்துப்போன அந்த வயசுக்காரர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். இரும்பு ஒட்டின கைகளில் தீப்பொறித் தழும்போடு, அறுபதைத் தாண்டி, சாயங்காலம் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். சித்தப்பா சொல்லத் தொடங்கினால் நிறுத்துவதே இல்லை.